இளவரசி மாளிகைக்குள் உலக்கையும் முறமும்: நாட்டுப்புற அருங்காட்சியகம் என்றால் என்ன?

மைசூர் போய் வந்தவர்களிடம் கேட்டால் ஒரே அரண்மனையைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொத்தக் கட்டடமும் விளக்குப் போட்டு ஜொலிக்குமே, அது. அப்புறம் சாமுண்டி மலை, பிருந்தாவனம், ஒரு டப்பா மைசூர்பாகு, ராத்திரி பஸ். ஆனால் அந்த ஊரில், மைசூரை ஆண்ட உடையார் குடும்பம் கட்டிய மாளிகைகள் இன்னும் நிறைய நிற்கின்றன, ஒவ்வொன்றும் இப்போது ஒவ்வொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. லலித மகால் ஓட்டலாகிவிட்டது. ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடம். செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிறது. குக்கரஹள்ளி ஏரிக்கு மேற்கே, பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மேட்டின்மேல் நிற்கிற ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் என்ன இருக்கிறது என்றால், ஏர்க்கலப்பை, தானியம் அளக்கும் படி, அகல் விளக்கு, தோல்பாவை, கூத்துக்காரர் கிரீடம். ராஜாவுடைய பொருள்களைத் தேடிப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

இந்த மாதிரி இடத்துக்குப் பெயர் நாட்டுப்புற அருங்காட்சியகம். கன்னடத்தில் ஜானபத வஸ்து சங்க்ரஹாலயம் என்பார்கள். இதை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு வருகிற சந்தேகம் நியாயமானது: எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட என்ன இருக்கிறது?

வழக்கமான அருங்காட்சியகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னை எழும்பூரில் ஒரு சோழர் காலத்துச் செப்புச் சிலை முன்னால் நிற்கிறீர்கள். அதற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? பழமை, வேலைப்பாடு, அதுபோல் இன்னொன்று கிடைப்பது அரிது, இந்த அரசன் காலத்தது என்ற விவரம். அரண்மனை அருங்காட்சியகமாக இருந்தால் இன்னும் சுலபம், இது மகாராஜா உட்கார்ந்த நாற்காலி, இது அவர் சுட்ட புலி, தீர்ந்தது கதை. நாட்டுப்புறப் பொருளுக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. செய்தவர் யாரென்று தெரியாது, வைத்திருந்தவர் பெயரும் பெரும்பாலும் தெரியாது. ஒரு காலத்தில் அதுபோல் ஆயிரக்கணக்கில் இருந்தது. வயது எழுபது, எண்பது வருஷம்தான் இருக்கும். பிறகு எதற்கு அதைப் பாதுகாக்கிறார்கள் என்றால், அந்தப் பொருளைச் சுற்றி ஒரு பழக்கம் இருந்தது, அந்தப் பழக்கத்தைத்தான் உண்மையில் காட்சிக்கு வைக்கப் பார்க்கிறார்கள். பழக்கத்தைக் கூண்டில் அடைக்க முடியாதே, அதனால் அதன் கைப்பிடியாக இருந்த பொருளை வைக்கிறார்கள்.

படியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் பாவு, சேரு, பள்ள, கொளக என்று அளவுகள் ஏறிக்கொண்டே போகும், நம் பக்கம் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால். அருங்காட்சியகத்தில் அதை ஒரு அடுக்கில் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக வைத்திருப்பார்கள், பார்க்கிறவர் மூன்று விநாடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் களத்துமேட்டில் நெல் அளந்தவரைக் கேட்டால் அந்தப் பாத்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பதில் சண்டையே நடக்கும், ஏனென்றால் கூலியை எப்படி அளக்கிறார்கள், குத்தகையை எப்படி அளக்கிறார்கள் என்பதில் யார் கை மேலோங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நம் ஊரில் முதல் படியை "ஒன்று" என்று எண்ண மாட்டார்கள், "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. விளிம்பில் இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள், தேய்ந்தால் அளவு குறைந்துவிடுமே. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வர ஆரம்பித்ததும் இதெல்லாம் மெல்ல மெல்லச் சட்டத்துக்கு வெளியே போனது. வெறும் பாத்திரமாகப் பார்த்தால் அது பழைய இரும்புக் கடைச் சரக்கு. கூலியும் குத்தகையும் எண்ணுகிற முறையும் சேர்ந்து வந்தால்தான் அது நாட்டுப்புற அருங்காட்சியகப் பொருள்.

இந்த யோசனை மைசூரில் பிறந்ததில்லை. ஐரோப்பாவில் ரயிலும் தொழிற்சாலையும் வந்து கிராம வாழ்க்கை கண்ணெதிரே மாறிய 19ஆம் நூற்றாண்டில்தான் ஆரம்பம். வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர் 1846ல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு பெயரை வைத்தார்: 'ஃபோக்லோர்'. அவர் மனதில் இருந்தது பாட்டு, கதை, நம்பிக்கை, சடங்கு. பொருள்களைச் சேர்க்கிற வேலையில் முந்திக்கொண்டவர் ஸ்வீடன்காரரான ஆர்தர் ஹசேலியஸ். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குடியானவர்களின் மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து ஸ்டாக்ஹோமில் மறுபடி கோத்து நிறுத்தி, 1891ல் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ரா இந்த வழியில் வந்ததுதான். செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்து மரவீட்டையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே கட்டடமே காட்சிப் பொருள், உள்ளே இருக்கிற பாத்திரம் பண்டமெல்லாம் அதற்குச் சொந்தமானவை போல உட்கார்ந்திருக்கும்.

ஜெயலட்சுமி விலாஸில் நிலைமை நேர்மாறு. கட்டடம் ஒரு ஜாதி, பொருள் இன்னொரு ஜாதி. அதனால்தான் எனக்கு அந்த இடம் சுவாரசியமாகப் படுகிறது.

கட்டடத்தின் கதை இது. பத்தாம் சாமராஜ உடையாரின் மூத்த மகள் ஜெயலட்சுமம்மண்ணி. 1897ல் இவருடைய கல்யாணக் கொண்டாட்டத்தின்போதுதான் மைசூரின் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. இப்போது நாம் பார்க்கிற பெரிய அரண்மனை அதற்குப் பதிலாகக் கட்டியது, 1912ல் முடிந்தது, கட்டியவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலும் கைவைத்த அதே இர்வின்தான். இளவரசி கைப்பிடித்தவர் சர்தார் காந்தராஜ அர்ஸ், பின்னாளில் மைசூர் திவானாகவும் இருந்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1905 வாக்கில், உடன்பிறந்த இந்த இளவரசிக்காக எழுந்த மாளிகைதான் ஜெயலட்சுமி விலாஸ். நூற்றுக்கு மேல் அறைகள், முந்நூறு ஜன்னல்கள், செதுக்கு வேலை செய்த கதவுகள், ஐரோப்பியப் பாணியில் இரட்டை இரட்டையாகத் தூண்கள், நடுவில் கல்யாண மண்டபம். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் இரும்பும் கலந்த கட்டுமானம்.

இப்படி ஒரு வீட்டை மாதச் சம்பளத்தில் யாரும் பராமரிக்க முடியாது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்ததும் அரச குடும்பங்களுக்கு வரி வருமானம் நின்றது, மானியம் மட்டும் மிஞ்சியது, 1971ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த மானியத்தையும் நிறுத்திவிட்டார்கள். இந்தியா முழுக்க அரண்மனைகள் ஓட்டலாகவும் கல்லூரியாகவும் கலெக்டர் ஆபீஸாகவும் மாறியதற்குப் பின்னால் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, ஓட்டுக்கூரை ஒழுகினால் யார் காசு போடுவது என்ற கேள்விதான். ஜெயலட்சுமி விலாஸை 1950களின் கடைசியில் மைசூர் பல்கலைக்கழகம் வாங்கியது. அப்போது துணைவேந்தர் கவிஞர் குவெம்பு, மானசகங்கோத்ரி என்று அந்த வளாகத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. 1968ல் அங்கே நாட்டுப்புற அருங்காட்சியகம் தொடங்கியது. ஓவியரும் நாட்டுப்புறவியலாளருமான பி.ஆர். திப்பேசுவாமி ஊர் ஊராக அலைந்து பொருள் சேர்த்தார். கூடவே ஜீ.சம். பரமசிவய்யா, தே. ஜவரேகவுடா போன்றவர்கள் கன்னட நாட்டுப்புறவியலைப் பல்கலைக்கழகப் படிப்பாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று அங்கே இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை 6,500க்கு மேல் என்கிறார்கள்.

அருங்காட்சியகம் தொடங்கிய அந்த 1968ஐக் கொஞ்சம் கவனியுங்கள். 1960களில் மெட்ரிக் அளவை வந்துவிட்டது, அலுமினியமும் எவர்சில்வரும் மண்பானையையும் வெண்கலத்தையும் அடுப்படியிலிருந்து துரத்திக்கொண்டிருந்தன, கிணற்றடியில் கமலையை நிறுத்திவிட்டு மோட்டார் போட ஆரம்பித்திருந்தார்கள். அதாவது பொருள் இன்னும் வீட்டில் இருக்கிறது, ஆனால் வேலை இல்லை. சேகரிப்பவருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இருபது வருஷம் முன்னால் போயிருந்தால் "எங்களுக்கு வேணுமே" என்று கொடுத்திருக்க மாட்டார்கள், இருபது வருஷம் கழித்துப் போயிருந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பார்கள்.

சரி, உள்ளே இருப்பவற்றில் நின்று பார்க்க வேண்டியது எது என்றால் என் ஓட்டு தோல்பாவைக்கு. தொகலு கொம்பே என்பது கன்னடப் பெயர். ஆட்டுத் தோலை முடி நீக்கிச் சுரண்டிச் சுரண்டி வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிசாக்கி, காயவைத்து, உருவம் வரைந்து, வெட்டி, சாயம் ஏற்றுவார்கள். நகை வருகிற இடமெல்லாம் பொடிப் பொடியாகத் துளை போட்டிருக்கும். கண்ணாடிக்குள் சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் பழுப்பேறிய தோலில் ஓட்டை ஓட்டையாகத்தான் தெரியும், எதற்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று தோன்றும். அதே பாவையை வெள்ளைத் திரைக்குப் பின்னால் பிடித்து அதன் முதுகில் ஒரு விளக்கு எரிந்தால் சிவப்பும் பச்சையும் பற்றிக்கொண்டு, அந்த ஓட்டைகள்தான் முதலில் கண்ணில் படும், வங்கியும் ஒட்டியாணமுமாக. கர்நாடகப் பாவைகளில் இன்னொரு வகை உண்டு: ராஜா, ராணி, சிம்மாசனம் என்று முழுக் காட்சியையும் ஒரே தோலில் வெட்டியிருப்பார்கள். அதற்குக் கையும் காலும் தனியாக ஆடாது, சபை என்றால் அப்படியே ஒரு சபை. நம் ஊர்த் தோல்பாவைக்கூத்துக்கும் இதற்கும் பங்காளி உறவு இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கூத்தை நடத்தி வந்தவர்கள் வீட்டில் மராத்தி பேசுகிற மண்டிகர் சமூகத்தார். கர்நாடகத்தில் கில்லேக்யாதர் என்ற சமூகத்தார், அவர்களிலும் மராத்தி பேசுகிறவர்கள் உண்டு. மழை பொய்த்தால் ஊரில் ஆட்டம் வைக்கிற வழக்கம் இரண்டு பக்கமும் இருந்தது.

அடுத்து கர்நாடகத்துக் கூத்தான யட்சகானத்தின் வேஷங்கள், தலையில் ஏற்றுகிற கிரீடங்கள், மரத்தில் செய்த பெரிய முகங்கள். சோமன குணிதா என்று தெற்குக் கர்நாடகத்தில் அம்மன் கோயில் திருவிழாக்களில் ஆடுகிற முகமூடி ஆட்டம் உண்டு. உருட்டிய கண், பெரிய பல், மீசை. சோமனைச் சும்மா முகமூடி என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், அது அம்மனின் காவல். பூஜை போடாமல் எடுக்க மாட்டார்கள். இங்கேதான் இந்த வகை அருங்காட்சியகங்களின் தர்மசங்கடமான கேள்வி வருகிறது: சாமியை எப்படிக் கண்காட்சியில் வைப்பது? பெரும்பாலும் நடப்பது இது. ஊரில் புதுசு செய்து பிரதிஷ்டை செய்ததும் பழசு விடுபடும், அந்தப் பழசுதான் அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிற பூத உருவங்கள், அதாவது காவல் தெய்வச் சிலைகள், கர்நாடகக் கடற்கரையோரத் துளு நாட்டில் மெக்கேகட்டு என்ற ஊரிலிருந்து போனவை. அங்கே கோயிலில் இன்று இருப்பது பிற்பாடு செய்தவை. வாங்கி வந்தது முறையாக இருக்கலாம், ஆனாலும் அதன் எதிரில் நின்று செல்ஃபி எடுக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும், எனக்கு உறுத்தும்.

இப்போது கட்டடத்துக்கும் பொருளுக்கும் நடக்கிற சண்டைக்கு வருவோம். முந்நூறு ஜன்னல் என்று பெருமையாகச் சொன்னோம் அல்லவா, தோலுக்கும் சாயத்துணிக்கும் வெளிச்சம் எமன். வெளிச்சத்தின் அளவுக்கு லக்ஸ் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாயம் போட்ட தோல், துணி, காகிதம் இவற்றின் மேல் 50 லக்ஸுக்கு மேல் விழக்கூடாது என்பது அருங்காட்சியகத் துறையில் பொதுவாகப் பின்பற்றுகிற வரம்பு. பகலில் ஜன்னலோரம் ஆயிரக்கணக்கில் விழும். ஜன்னலை அடைத்தால் காற்று நின்று புழுக்கம் ஏறும், பூஞ்சை பிடிக்கும், திறந்தால் நிறம் போகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு சுவர் பொரிந்துபோகும். செதுக்கிய கதவு நிலையில் ஆணி அடிக்க முடியாது, கண்ட இடத்தில் ஏசி பொருத்தவும் முடியாது, மரத்தளத்தில் எவ்வளவு கனம் ஏற்றலாம் என்று பார்க்க வேண்டும். ஒரு கல் உரலை மாடிக்கு ஏற்ற நினைத்தால் முதலில் இன்ஜினியரைத்தான் கூப்பிட வேண்டும். கட்டடமே நூறு வருஷப் பழசு, அதுவும் ஒரு காட்சிப் பொருள், அதற்கும் மருத்துவம் பார்க்க வேண்டும். ஜெயலட்சுமி விலாஸ் ஒரு கட்டத்தில் மிகவும் சீரழிந்துபோய், 2000களில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் நிதி உதவியோடு புதுப்பித்தார்கள். ஒரு முறை புதுப்பித்தால் முடிந்துவிடுகிற வேலையில்லை இது, மழைக்காலம் வருஷா வருஷம் வரும்.

இதைவிட நுட்பமான சிக்கல் பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது. செதுக்கிய கூரையும் தூணும் இருக்கிற கூடத்தில் ஒரு முறத்தை வைத்தால் கழுத்து தானாக மேலே போகும். கட்டடம் பொருளைத் தின்றுவிடும். இன்னொரு பக்கம், அந்த முறமே கலைப்பொருள் போலத் தெரிய ஆரம்பித்து, அது தவிடு புடைத்தது என்பதே மறந்துபோகும். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள்: உழைத்தவன் பொருளை ராஜா வீட்டில் கொண்டுபோய் வைத்தது அவனை அலங்காரமாக்கிவிட்டது என்று. இன்னும் சிலர், அந்த வாசலை ஒரு காலத்தில் மிதித்திருக்கவே முடியாதவர்களின் கலப்பை இன்று நடுக்கூடத்தில் நிற்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்பார்கள். எனக்கு இரண்டாவது பேச்சு பிடிக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிற அட்டையில் "ஏர்க்கலப்பை, மரம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் முதல் ஆள் சொன்னதுதான் சரி. எந்த ஊர், எந்த மண்ணுக்கு, யார் செய்தது, அவருக்குக் கூலியாக என்ன கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தால் கூரை எவ்வளவு ஜோடனையாக இருந்தாலும் கண் கீழே இறங்கும்.

இந்த ஜோடி மைசூரில் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். வியன்னாவில் ஆஸ்திரிய நாட்டுப்புற அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரபுக் குடும்பத்தின் ஷான்போர்ன் மாளிகைதான் வீடாக அமைந்தது. சியோலில் கொரிய தேசிய நாட்டுப்புற அருங்காட்சியகம் கியோங்போக்குங் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, ராஜா வீட்டு மதிலுக்குள் குடியானவர் வாழ்க்கை. நம் மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் மாளிகையில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறதே, அது நாட்டுப்புறப் பொருள்களுக்கானதில்லை என்றாலும் அரண்மனை வேறொருவர் கதையைச் சொல்கிற ரகம்தான்.

ஜெயலட்சுமி விலாஸில் ஒரு பகுதியைக் கன்னட எழுத்தாளர்களுக்கு ஒதுக்கி, அவர்கள் புழங்கிய பொருள்களை வைத்திருக்கிறார்கள். நாட்டுப்புறப் பொருள்களுக்கு நடுவில் இது எதற்கு என்று முதலில் தோன்றும். பல்கலைக்கழகம் நடத்துகிற இடம், கன்னட ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வளர்ந்தது, அதனால் வாய்மொழி இலக்கியமும் அச்சு இலக்கியமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. எனக்கு இது கொஞ்சம் திணித்தது போலத்தான் படுகிறது, ஆனால் கன்னடம் படிக்கிறவர்களுக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாம்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள், ஆயிரக்கணக்கான பொருளில் கண் சோர்ந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். பத்துப் பொருளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தேய்ந்த இடம் எது என்று தேடுங்கள். கைப்பிடி எந்தப் பக்கம் வழவழப்பாக இருக்கிறது, விளக்கில் கரி எங்கே படிந்திருக்கிறது, ஒட்டுப்போட்ட தடயம் இருக்கிறதா என்று பார்த்தால் அட்டையில் எழுதாத பாதி விஷயம் புரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் அவர்களை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் போங்கள், எந்தக் கைடும் அவர்கள் அளவுக்குச் சொல்ல மாட்டார். பழைய கட்டடம் என்பதால் பழுதுபார்க்கிற வேலைக்காக மூடிவைப்பதும் உண்டு, கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மூடியிருந்தால், பெங்களூரு போகிற பழைய சாலையில் ராமநகரம் பக்கம் ஜானபத லோகா என்ற இன்னொரு நாட்டுப்புற அருங்காட்சியகம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எச்.எல். நாகேகவுடா உண்டாக்கியது. அதற்கு அரண்மனை கிடையாது, மரத்தடியும் ஓட்டுக்கூரையும்தான், அங்கே அதே சோமனும் அதே தோல்பாவையும் எப்படித் தெரிகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.